நாற்காலியோடு ஒரு சண்டை

நம் பெரியவளின் அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? பிள்ளைகள் வேளைக்குச் சாப்பிடுகிறார்களா?

சலவைக்கூடத்தில் வேலை பழகிவிட்டது. இந்த ஊர் பாஷைதான் மண்டையில் ஏறவில்லை. கம்பெனி நடத்தும் வகுப்பில் "இது மேசை, அது ஜன்னல்" என்று சொல்லும்போதே கொட்டாவி வரும். போன மாதம் டீச்சர், பக்கத்திலிருந்த நம் மொழி பேசும் அக்கா மூலமாக, "ஊர்ல உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச பொழுதுபோக்கு என்ன?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரரோட சண்டை போடுறதுதான்" என்று உளறிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் மட்டும் ஒரு காலி நாற்காலியை என் முன்னால் இழுத்துப் போட்டு, "இதுதான் உங்க வீட்டுக்காரர். ஆரம்பிங்க" என்றார்.

பிடித்துக்கொண்டேன். கட்டிலில் ஈரத் துண்டு, பால் பொங்கினாலும் கீழே வைக்காத பேப்பர்... ஒவ்வொன்றுக்கும் வார்த்தை கேட்டுக் கேட்டுத் திட்டினேன். சத்தம் கேட்டுக் காவலாளி வந்து எட்டிப் பார்த்தார். இப்போது நடக்கும்போதும் துணி மடிக்கும்போதும் உங்களைத் திட்டப் புது வார்த்தை தேடுகிறேன். இலக்கணத்தில் இறந்தகாலம் முழுவதும் படித்தாயிற்று. கல்யாணமான நாளிலிருந்து விஷயம் இருக்கிறதே!

நாற்காலிதான் ஒரு வார்த்தைகூடத் திருப்பிப் பேசவில்லை.

தலைவலித் தைலம் இரண்டு அனுப்புங்கள். கணக்கு வரவில்லை என்று பெரியவளைத் திட்டாதீர்கள். அவளுக்குப் பிடித்த கிரிக்கெட்டில் ரன் கணக்குப் போடச் சொல்லுங்கள், தானே வரும்.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது. இன்னொன்று. நான் இங்கே வந்ததிலிருந்து போனில் எதற்கெடுத்தாலும் "சரிம்மா, சரிம்மா" என்கிறீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையாவது கொஞ்சம் எதிர்த்துப் பேசுங்கள்.

உங்கள் சண்டைக்காரி