அம்மாவிடம் ஸ்கூட்டர் கற்றுக்கொண்ட நர்ஸ்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் நலம் என்று வழக்கம்போல எழுதக் கை போகிறது, இந்த முறை அதைப் பாதி உண்மையாகவே எழுதலாம். நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே. நேற்று நடந்ததை போனில் சொன்னால் நடுவில் நீ அழுதுவிடுவாய், நானும் சேர்ந்துகொள்வேன், அதனால்தான் கடிதம்.

புற்று எலும்புக்கும் பரவிவிட்டது, இனி மருந்து ஏற்றிப் பயனில்லை என்று போன மாதம் ஆஸ்பத்திரியில் சொன்னதிலிருந்து அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள்தான். இருபது வருஷம் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள், புரண்டு படுக்கவே பல்லைக் கடித்தாள். உன்னிடம் கொஞ்சம் வலி என்று மட்டும் சொல்லி வைத்தேன், அது என் தப்பு. அப்புறம்தான் வலி தணிப்புப் பிரிவிலிருந்து டாக்டரம்மாவும் ஒரு நர்ஸும் வீட்டுக்கே வர ஆரம்பித்தார்கள். வலிக்கு மார்ஃபின் என்றதும், அது கடைசி நேரத்து மருந்தாயிற்றே என்றேன். டாக்டரம்மா, "அளவா, நேரத்துக்குக் குடுத்தா பயமில்லீங்க, வலியத் தாங்கிக்கிட்டதுக்கு யாரும் பரிசு குடுக்கப் போறதில்ல" என்றார். கிளம்பும்போது என்னைப் பார்த்து, "நீங்க ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

மருந்து தொடங்கிய நாலாம் நாள் அம்மா எழுந்து உட்கார்ந்தாள். வலியைத் தவிர மனசில் வேறென்ன கஷ்டம் என்று நர்ஸ் கேட்டாள். "எல்லாரும் எனக்குச் செய்யுறீங்க, நான் யாருக்கும் ஒண்ணும் செய்யாமக் கெடக்கேன், அதான்" என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, "நீ ஏன்மா ரெண்டு பஸ் மாறி வேர்க்க விறுவிறுக்க வர்ற?" என்றும் கேட்டாள். வண்டி என்றாலே பயம் என்று அந்தப் பெண் சொன்னதுதான் தாமதம், அம்மா நிமிர்ந்துவிட்டாள். அன்றிலிருந்து, நர்ஸ் வேலை முடித்ததும் கால் மணி நேரம் வகுப்பு. வாசலில் நாற்காலி, முதுகுக்கு இரண்டு தலையணை, அங்கிருந்தே அதட்டல்: "சக்கரத்தப் பாக்காத, போற எடத்தப் பாரு." அம்மாவின் பழைய ஸ்கூட்டரின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற வேலை எனக்கு. ஒருநாள் பூந்தொட்டி உடைந்தது, என் சுண்டுவிரல் வீங்கியது. தொட்டிக்குக் கிடைத்த அனுதாபம் எனக்குக் கிடைக்கவில்லை.

நேற்று நான் பிடியை விட்டதே தெரியாமல் அந்தப் பெண் தெருமுனைவரை தனியாகப் போய்த் திரும்பி வந்து நின்றாள். அம்மா கைதட்டிய சத்தத்தில் எதிர்வீட்டுத் தையல்காரர் ஊசியும் நூலுமாக ஓடி வந்துவிட்டார். உள்ளே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்து, "பொண்ணுகிட்ட எல்லாத்தையும் சொல்லிடுங்க" என்றாள். சொல்கிறேன் கண்ணு. நோய் குணமாகாது. மாதக்கணக்குத்தான், எத்தனை என்று டாக்டரம்மாவுக்கும் தெரியாது. ஆனால் இப்போது நடப்பவை நல்ல நாட்கள். கடைசியில் தேவைப்படும் என்று லீவைச் சேர்த்து வைக்காதே, இப்போதே வா. "அழுறதுக்கு வர வேணாம், அரட்டை அடிக்க வரச் சொல்லுங்க" என்பது அம்மாவின் உத்தரவு.

இருவரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள். வேளைக்குச் சாப்பிடு. டிக்கெட் போட்டதும் முதல் போன் அம்மாவுக்கு, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா

கீழே உள்ள கிறுக்கல் அம்மா தன் கையாலேயே எழுதியது:
ஒரு மாசமாவது தங்குற மாதிரி வா. பேச நிறைய இருக்கு.