உயிரோடு இருந்தவருக்குப் போட்ட இலை

அங்கிள்,

குசினியில் பூசணிக்காய் வேகும் மணம். இன்று சித்திரா பௌர்ணமி. தாயை இழந்தவர்கள் விரதமிருந்து, தாய்க்குப் பிடித்ததைச் சமைத்து இலையில் படைக்கும் நாள். மேசையில் உங்கள் பெயருக்கு வந்த தடித்த உறை கிடக்கிறது. நீங்கள் கண்ணை மூடி நான்கு மாதம் கழித்து வந்திருக்கிறது. உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் எனக்குக் கோபம் தமிழில்தான் வருகிறது.

இந்த மெரிலேண்ட்ஸ் புறநகருக்கு நாங்கள் குடிவந்த வருடம், இதே நாளில்தான் வேலிக்கு அப்பால் நின்று, "என்ன, ஊருக்கே சமையலா?" என்று கேட்டீர்கள். செத்துப்போன என் அம்மாவுக்கு என்றேன். அப்போதுதான் உங்கள் கதையைச் சொன்னீர்கள். ஆறு வயதில் உங்களை இங்கிலாந்தில் மற்றப் பிள்ளைகளோடு கப்பல் ஏற்றி இந்த நாட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இங்கே சிறுவர் விடுதியில் இறங்கிய முதல் வாரமே அதன் தலைவர், "உன் அம்மா செத்துவிட்டாள், இனிக் கேட்காதே" என்றிருக்கிறார். கேட்டுக்கொண்டு நின்ற என் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"அப்ப இவரும் வரட்டுமன். அந்த மனிசிக்கும் ஒரு இலை போடுவம்."

பிறகு ஒவ்வொரு வருடமும் மடிப்புக் குலையாத சட்டையோடு வந்து கதிரையில் உட்கார்ந்தீர்கள். அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று முதல் வருடம் மனைவி கேட்டாள். சுவரைப் பார்த்தீர்கள். "தெரியாது. உருளைக்கிழங்கு போடுங்கள், இங்கிலிஷ்காரிதானே" என்று சிரித்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

போன வருடம் டொக்டர் உங்கள் குடும்பத்தில் என்னென்ன நோய் என்று கேட்டபோதுதான், விடுதிக் கோப்புக்கும் குடும்பப் பதிவுகளுக்கும் எழுதிப் போடுவோம் என்றேன். "செத்தவளைத் தேடி என்ன?" என்று முணுமுணுத்துக் கையெழுத்துப் போட்டீர்கள். அகதியாக வந்து, என் கடதாசிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அலைந்தவன் நான். உங்களை முன்பே இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். என் மேலும் எனக்குக் கோபம்தான்.

தொடர்புக்கு என் விலாசத்தைக் கொடுத்திருந்ததால் உறை என்னிடம் வந்தது. நேற்றுப் பிரித்தேன். உங்கள் அம்மாவின் மரணப் பதிவு இருந்தது. நாங்கள் இலை போடத் தொடங்கி ஒன்பது வருடம் கழித்துத்தான் அவர் இறந்திருக்கிறார்.

"ஐயோ, உயிரோட இருந்த மனிசிக்கெல்லே படைச்சனாங்கள்!" என்று மனைவி தலையில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டாள். பகைவருக்குக்கூட எங்கள் ஆட்கள் செய்யாத காரியம். ஒரு பொய்யால் அதை எங்கள் கையாலேயே செய்வித்துவிட்டான் அந்தப் படுபாவி, விடுதித் தலைவன். அவனுக்கு மரியாதை கொடுத்து எழுத இனி என்னால் முடியாது.

இன்னும் கேளுங்கள். அம்மாவின் கடிதங்கள் ஐந்து இருந்தன. தன் நோய் மாறும்வரைக்கும்தான் உங்களை இங்கிலாந்தில் ஒரு விடுதியில் விட்டாராம். திரும்பி வந்தபோது பிள்ளை இல்லை. 'என் மகனை எப்போது அனுப்புவீர்கள்?' என்று ஐந்திலும் கேட்டிருக்கிறார். ஐந்தின் மூலையிலும் அழகான கையெழுத்தில், 'பையனுக்குக் காட்ட வேண்டாம்.' எரித்தாவது தொலைத்திருக்கலாம். துளை போட்டு, தேதி வாரியாகக் கோத்து வைத்திருக்கிறார்கள்.

ஒரு கடிதத்தின் கடைசியில் இப்படி இருந்தது, உங்கள் ரைஸ் புடிங்கை நான் பாற்சோறு என்று எழுதுகிறேன்: 'அவனுக்குப் பாற்சோறு என்றால் உயிர். மேலே படியும் பாலாடை மட்டும் பிடிக்காது. தயவுசெய்து எடுத்துவிட்டுக் கொடுங்கள்.'

இன்று மூன்று இலை. என் அம்மாவுக்கு, உங்கள் அம்மாவுக்கு, உங்களுக்கு. அவருக்கு என்ன பிடிக்கும் என்று இன்னும் தெரியாது, உருளைக்கிழங்குதான் வைத்திருக்கிறோம். உங்கள் இலையில் பாற்சோறு. ஆடையை எடுத்துவிட்டேன், அங்கிள்.