அருவி இல்லாத ஆறு

மார்ச் 4, செவ்வாய்

கீழ்மீன் இன்றும் ஜெயித்தது. எந்த எண்ணிக்கையில் தொடங்கினாலும் அதுவேதான் ஜெயிக்கிறது.

இரண்டு மீனுக்கும் ஒரே தீனி, கல்லில் படியும் பாசி. ஆற்றின் மேல்பகுதியில் இருப்பது சிறியது, சாது. கீழே இருப்பது பெரியது, முரடு. அறிவியல் பெயர்கள் வாயில் நுழையாததால் அக்காவும் நானும் மேல்மீன், கீழ்மீன் என்றே சொல்லிக்கொள்கிறோம். என் சமன்பாட்டின் சாரம் இவ்வளவுதான்: ஓர் இனம் அடுத்ததை நெருக்குவதைவிடத் தன்னைத்தானே அதிகம் நெருக்கிக்கொண்டால் இரண்டும் பிழைக்கும். இல்லாவிட்டால் ஒன்று போய்ச் சேரும். கீழ்மீனுக்குத் தன்னை நெருக்கிக்கொள்ளும் பழக்கமே இல்லை.

ஆறு அக்காவுடையது. தண்ணீர் எவ்வளவு, சரிவு எவ்வளவு, பாறை எவ்வளவு கெட்டி என்று கொடுத்தால், மலையாறு பள்ளத்தாக்கை அறுப்பதை அவள் கணினி மாடல் ஒரு மதியத்தில் பல்லாயிரம் வருஷத்துக்கு ஓட்டிக் காட்டிவிடும். அந்த ஆற்றில் என் மீன்களை விட்டிருக்கிறோம். நாங்கள் சேர்ந்து செய்யும் முதல் வேலை.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா போனில் ஒரு மணி நேரம். பாதி வேலை, பாதி அவள் முழங்கால்.

மூன்று வருஷம் பேசாமல் இருந்தவர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு கருத்தரங்கில் நான் பேசி முடித்ததும் எழுந்து நின்று, “இந்த மீன்ல ஒண்ணையாவது நேர்ல பாத்திருக்கீங்களா?” என்று கேட்டாள். சொந்தத் தங்கையை, ‘ங்க’ போட்டு. அரங்கமே சிரித்தது. அன்று வந்த கோபம். நீர்வளத் துறை இந்த வேலைக்கு எங்கள் இருவரையும் சேர்த்துக் கூப்பிடாமல் இருந்திருந்தால் இன்னும் அப்படியேதான் இருந்திருப்போம்.

வீட்டில் இவருக்கு என் வேலையை விளக்கினேன். பல் வைத்தியருக்கு எல்லாமே பல்தான். “ஒரே இடத்துக்கு ரெண்டு பல் போட்டி போட்டா, ஒண்ணு கோணலா வளரும். விட்டுட்டா போகும்?” என்றார்.

மார்ச் 12, புதன்

அறிக்கை முடிந்தது. துறை கேட்ட கேள்வி: ஆற்றின் நடுவில் உள்ள பாறையை வெடிவைத்துச் சரிவாக்கி அங்கிருந்து கால்வாய் எடுத்தால் உயிரினங்களுக்குக் கேடு உண்டா? எங்கள் பதில்: கூடுதலாக எதுவும் இல்லை. கீழ்மீன் எப்படியும் மேலே ஏறும், மேல்மீன் எப்படியும் அழியும்.

அப்படியானால் மேல்மீன் இன்னும் ஏன் இருக்கிறது? இதை நானே கேட்டு, ‘இன்னும் காலம் ஆகவில்லை’ என்று நானே ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். நல்ல பத்திதான்.

மார்ச் 14, வெள்ளி

அட்டைக்குப் படம் தேர்ந்தெடுக்கச் சொல்லித் துறையிலிருந்து சில புகைப்படங்கள் அனுப்பியிருந்தார்கள். ஒன்றில் அளவுகோலோடு ஒரு ஆள் நிற்கிறார். அவருக்குப் பின்னால் தண்ணீர் நெட்டுக்குத்தாக விழுகிறது. ஆளுக்கு மேல் ஆளாக நாலு பேர் நின்றால்தான் உச்சி தொடும்.

எங்கள் ஆற்றில் அருவி ஏது?

மார்ச் 15, சனி

இல்லை. மாடலில் அருவி இல்லை.

அக்காவின் மாடல் நிலத்தை நூறு மீட்டர் கட்டங்களாகப் பிரிக்கிறது. கட்டத்துக்கு ஒரு உயரம். அருவி இரண்டு கட்டங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. நெட்டுக்குத்தாக விழ வேண்டிய தண்ணீர் நூறு மீட்டருக்குச் சாய்வாக இறங்குகிறது. அந்தச் சாய்வில் எந்த மீனும் ஏறிவிடும். என் கீழ்மீன் ஏறியது.

வெடிவைக்கப்போகும் பாறையே அந்த அருவிதான். மேல்மீனை இத்தனை காலம் காப்பாற்றி வைத்திருப்பது அது. அதைத்தான் எடுத்தால் பரவாயில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

அக்காகிட்ட எப்படிச் சொல்றது? இப்பதானே பேச ஆரம்பிச்சிருக்கா. அந்த மாடல் அவளுடைய இருபது வருஷம் — அதைத் தொட்டா என்னைச் சும்மா விடுவாளா?

மார்ச் 18, செவ்வாய்

சொன்னேன்.

முதலில் சிரித்தாள். பிறகு வாத்தியார் குரல் வந்துவிட்டது. மேலிருந்து கீழ்வரை மொத்த இறக்கம் சரியாக இருக்கிறதா இல்லையா என்றாள். இருக்கிறது என்றேன்.

“அப்புறம் என்னடி? பள்ளத்தாக்கு உருவாகுற கணக்குல அந்த அருவி ஒரு பரு. இன்னிக்கு இருக்கும், நாளைக்குப் போகும்.”

“மீனுக்கு அந்தப் பரு போதும்க்கா.”

“என் மாடல்ல மீன விட்டது நீ. ஏறுமா ஏறாதான்னு பாக்க வேண்டியதும் நீ.”

அதுவும் நியாயம்தான். ஆனால் ஒரு கேள்வி என் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்திருந்தது: அருவியை நேரில் பார்த்திருக்கிறாயா? மூன்று வருஷமாக இப்படி ஒரு கேள்விக்காகத்தானே காத்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் அரை நிமிஷத்துக்கு நன்றாக இருந்திருக்கும்.

“சரி, வைக்கிறேன்” என்று வைத்துவிட்டாள். முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மார்ச் 21, வெள்ளி

அழைப்பு இல்லை. நான் அழைத்தேன், எடுக்கவில்லை.

மார்ச் 24, திங்கள்

என் பங்கைத் திரும்பப் பெறுவதாகத் துறைக்கு எழுதிவிட்டேன். அனுப்பும் முன் அக்காவுக்கு ஒரு நகல். அவளைக் குறை சொல்லவில்லை. ‘மீன் ஏற முடியாத இடத்தை ஏற முடியும் என்று எடுத்துக்கொண்டேன்’ என்று மட்டும் எழுதினேன்.

இவர் படித்துப் பார்த்து, “உங்கக்கா மறுபடியும் மூணு வருஷம் லீவு போட்ருவாங்க” என்றார். விளையாட்டுக்குத்தான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 27, வியாழன்

துறைப் பொறியாளர் அழைத்தார். தன்மையான மனுஷர். பேச்சு இனிமை, விஷயம் இல்லை. சரிவு பற்றிய கணக்கு என் துறை அல்லவே என்றார். சரிவு சரிதான் என்று அக்கா ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதுமாம். என் கடிதத்தைக் கோப்பில் வைத்துக்கொண்டு அடுத்த மாதம் வேலையைத் தொடங்கிவிடுவார்களாம்.

ஆக, ஒரு வரி. அக்கா எழுதினால் மேல்மீன் போச்சு. எழுதாதே என்று நான் கேட்டால் அக்கா போய்விடுவாள்.

அவள் எழுத மாட்டாள். எழுதுவாளா? எனக்குத் தெரிந்து அவள் ஒருமுறைகூடத் தப்பு என்று ஒத்துக்கொண்டதில்லை. பள்ளிக்கூடத்தில் அவள் போட்ட கணக்கு புத்தக விடையோடு ஒத்துப்போகாவிட்டால் புத்தகத்தைத் திருத்துவாள், பேனாவால்.

மார்ச் 30, ஞாயிறு

ஒன்றுமில்லை. துணி துவைத்தேன்.

ஏப்ரல் 3, வியாழன்

வகுப்பு நடுவே அழைப்பு. அக்கா. மாணவர்களை ஒரு கணக்குப் போடச் சொல்லிவிட்டு நடைக்கு ஓடினேன்.

எடுத்தால் பேச்சே கேட்கவில்லை. ஒரே இரைச்சல், லாரி கல்லைக் கொட்டிக்கொண்டே இருப்பதுபோல. நடுநடுவே அவள் குரல் மாதிரி ஏதோ. அக்கா, அக்கா என்று கத்தினேன். எதிர் வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் இரைச்சல் தள்ளிப் போயிற்று. எங்கேயோ நடந்து வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது.

“கேட்டுச்சா?”

“ஒண்ணுமே கேக்கலக்கா. வெறும் தண்ணிச் சத்தம்தான்.”

“அதத்தான் கேக்கச் சொன்னேன்.”

அந்த முழங்காலோடு அங்கே ஏறியிருக்கிறாள். துணைக்கு யார் என்றதற்கு, ஒரு கைத்தடி என்றாள். நான் திட்ட ஆரம்பிக்க, அவள் தன் பாட்டுக்குப் பேசினாள். கீழே கண்ணாடித் தொட்டி மாதிரி ஒரு குட்டை, அதில் கீழ்மீன் முட்டி மோதிக்கொண்டு கிடக்கிறது, ஒன்றுகூட ஏறவில்லை. பொறியாளருக்கு அங்கிருந்தே செய்தி அனுப்பிவிட்டாளாம். என்ன எழுதினாய் என்றேன்.

“என் கட்டம் பெருசுன்னு எழுதினேன். வேற என்னத்த எழுத?”

பிறகு, பெருமூச்சா மூச்சிரைப்பா தெரியவில்லை, “எவ்ளோ பெரிய அருவிடி” என்றாள்.

வகுப்புக்குத் திரும்பினேன். யாரும் கணக்கை முடிக்கவில்லை. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 19, சனி

அக்கா நேற்று வந்தாள். இரண்டு நாளுக்கென்று சின்னப் பையோடு.

வெடி வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. கால்வாயை அருவிக்குக் கீழே எடுக்க முடியுமா என்று பார்க்கிறார்கள். நாங்கள் புது அறிக்கை எழுத வேண்டும். கட்டத்தை இரண்டு மீட்டராகக் குறைத்திருக்கிறோம். கணினி முக்கி முனகி ஓடுகிறது. இதுவரை வந்ததில் அருவி நிற்கிறது. ஆனால் ஆறு அறுக்க அறுக்க அது மெல்ல மேல்நோக்கி நகர்கிறது. மேல்மீனின் இடம் ஒரு பக்கமாகச் சுருங்கிக்கொண்டே வருகிறது. அப்போ ஒருநாள் இதுவும் போய்விடுமா என்று கேட்டேன்.

“போகும்போது போகட்டும். அது மலையோட பாடு. துறையோட பாடு இல்ல.”

என் கோப்பைகளை எல்லாம் இடம் மாற்றி வைத்துவிட்டாள். காலையில் இவர் காபி போட்டுவிட்டுக் கோப்பையைத் தேடிக்கொண்டு நின்றார்.

முழுதும் ஓடி முடிய இன்னும் ஒரு வாரம் ஆகும்க்கா என்றேன். “ஆகட்டுமே” என்று எழுந்து போனாள். போய்ப் பார்த்தால் என் அலமாரியைத் திறந்து, என் துணிகளை ஓரமாகத் தள்ளி, பையிலிருந்ததை எடுத்து அடுக்கிக்கொண்டிருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நானும் பக்கத்தில் போய், என்னுடையதை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.