மேலே இருக்கிற ரெண்டு வரி

ஜூன் 19, 2025

காலையில் ரெண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. ஜெராக்ஸ் மிஷினும் கம்ப்யூட்டரும் சும்மா கிடந்தன. கடையில் என்னோடு வேலை பார்க்கிற நஜியா, வருகிறவர்களையெல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து சின்னையன் மாமா வந்தார். என் மாமனாருக்குச் சித்தப்பா மகன். ஊரில் எவன் மேடை போட்டாலும் நடு நாற்காலி இவருக்குத்தான்.

"இளவரசி, நம்ம சிலம்பரசனுக்கு ஊர் முனையில நினைவுத்தூண் வைக்கிறோம். ஆகஸ்ட் பதினஞ்சு திறப்பு."

என் வீட்டுக்காரர் இறந்தது பிப்ரவரியில். நாலு வருஷம் தாண்டிவிட்டது. பிப்ரவரியிலேயே வைக்கக்கூடாதா என்று கேட்டேன்.

"தொறந்து வெக்க வர்ற கட்சித் தலைவருக்கு அப்ப டைம் இருக்காதும்மா."

ஆமாம். செத்தவர்தான் தலைவரோட டைம் பார்த்துச் செத்திருக்கணும். தப்பு அவர் மேலதான்.

இதெல்லாம் மனசுக்குள். வெளியே டீ வாங்கிக் கொடுத்தேன். பிஸ்கட் வேறு.

ஜூன் 22

மேடைக்கு மேடை எனக்குப் போர்த்தின பொன்னாடைகளைப் பீரோவில் எண்ணினேன். பதினேழு. போர்த்திக்கொண்டால் குத்தும், துடைத்தால் தண்ணீரை உறிஞ்சாது. எதுக்குமே ஆகாத துணியைத் தேடிப் பிடிச்சு வாங்கறாங்க போல.

ஜூலை 3

ராத்திரி சாப்பிடும்போது கயல் கேட்டாள், "யம்மா, அப்பா எத்தினி பேர சுட்டாரு? ஏழுதானே?"

யாருடி சொன்னது?

"சின்னையன் தாத்தா. பதினஞ்சாம் தேதி ஸ்கூல்ல நான் பேசணும். மிஸ் எழுதிக் குடுத்திருக்காங்க."

நாலாவதுதான் படிக்கிறாள்.

ஏழு. போன வருஷம் போஸ்டரில் நாலு. அதுக்கு முந்தின வருஷம் மூணு. மனுஷன் செத்த பிறகும் வருஷா வருஷம் சுட்டுக்கிட்டேதான் இருக்காரு.

அவர் சமையல்காரர். ராணுவத்தில் பதினாலு வருஷம் அதுதான் வேலை. துப்பாக்கிப் பயிற்சி எல்லாரையும் போல அவருக்கும் உண்டு. ஆனால் யாரையும் சுட்டதில்லை. மலை உச்சியில் காவலுக்கு நின்றவர்களுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஏறினார், பனி சரிந்தது. இதுதான் நடந்தது. ஏன், இது பத்தாதா இவனுங்களுக்கு?

கயலிடம் சொன்னேன். "அப்பா ஏழு பேர சுடலடி. சமையல் வேலை பாத்தாரு."

அவள் முகம் சுருங்கிப்போயிற்று. "அத யார்கிட்டயும் சொல்லாதம்மா" என்றாள்.

அந்த வார்த்தை என்னோடது. அப்படியே என்னோடது.

ஜூலை 4

நேற்று எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். எங்கே ஓடப் போகிறேன்?

திட்டக்குடியில் என்னைப் பெண் பார்க்க வந்தபோது 'மாப்பிள்ளை மிலிட்டரி' என்று மட்டும் சொன்னார்கள். கல்யாணமாகி மூணாம் நாள் அவரே சிரித்துக்கொண்டே சொன்னார்: "நூத்திருபது பேருக்கு மூணு வேளையும் நான்தான் ஆக்கிப் போடறேன். ஒருத்தன் கொறை சொன்னதில்ல."

ரெண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. பெரிய மகாராணி! அப்புறம் சொன்னேன் — எங்க ஊர்ல யார்கிட்டயும் இத சொல்லாதீங்க. கேட்டா பார்டர்ல துப்பாக்கியோட நிக்கிறேன்னு சொல்லுங்க.

"சரி புள்ள" என்றார். அவ்வளவுதான். பொய்யும் சொல்லவில்லை, நிஜத்தையும் சொல்லவில்லை. யாராவது கேட்டால் என் முகத்தைப் பார்ப்பார். நான்தான் எடுத்து விடுவேன், துப்பாக்கி, பார்டர், எல்லாம். சின்னையன் மாமாவிடமும் நான்தான் சொன்னேன்.

இத்தனை நாள் அவனுங்களைக் காறித் துப்பிக்கிட்டிருந்தேன். முதல் ஆளு நானு.

ஜூலை 12

கல்வெட்டுக்கான வாசகத்தை என்னிடமே டைப் அடிக்கக் கொண்டுவந்தார்கள். "வெளிய குடுத்தா காசு கேப்பான், நீ நம்ம புள்ள" என்றார் மாமா. இங்கே எடுக்கும் பிரிண்டை அப்படியே கடலூர் கல் பட்டறையில் கொடுப்பார்களாம். அவர்கள் அதைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து செதுக்குவார்கள்.

மேலே ரெண்டு வரி: 'எதிரிகள் எழுவரைச் சுட்டு வீழ்த்தி வீரமரணம் எய்திய மாவீரன் சிலம்பரசன்.' கீழே திறந்து வைக்கிற தலைவர் பேர், அப்புறம் விழாக் குழு, இருபத்து மூணு பேர். 'தொழிலதிபர்' ஆறு பேர். அதில் ஒருத்தர் வைத்திருப்பது பஞ்சர் கடை. உழைத்துச் சாப்பிடுகிற மனுஷன், அதை அப்படியே போட்டால் என்ன? வெட்கமாம்.

எனக்குச் சொல்ல என்ன யோக்கியதை.

டைப் அடித்துக் கொடுத்தேன். ஏழு பேரையும் என் கையாலேயே அடித்தேன்.

ஜூலை 21

மூணாவது தடவையாகத் திருத்தம். ஒருத்தர் பேர் மேலே போகணும், இன்னொருத்தருக்கு எழுத்து தடிமனாகணும், ஒருத்தருக்குப் பட்டம் விட்டுப்போச்சாம். கடையே அதிருகிற மாதிரி சண்டை. அவர்கள் போனதும் நஜியா சொன்னாள்:

"அக்கா, மூணு வாட்டியும் பாத்தேன். மேல ரெண்டு வரிய ஒருத்தரும் படிக்கலக்கா. எல்லாரும் நேரா கீழதான் போறாங்க."

நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 22

அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டியை நாலு வருஷத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் முழுசாகக் குடைந்தேன். அடியில் ஒரு நோட்டு. 'நூறு ஆளுக்கு சாம்பார்' என்று தலைப்பு. கீழே பருப்பு, புளி, உப்பு, எல்லாம் அளவோடு. ஓரத்தில்: 'இங்க பருப்பு சீக்கிரம் வேகாது. குக்கர்ல பன்னெண்டு விசில் விடணும். பசங்க பாவம், சூடா போகணும்.'

வாய்விட்டு அழுதேன். போதும்.

கடைக்குப் போய் அந்த ரெண்டு வரியை அழித்தேன். புதுசாக அடித்தேன்: 'சிலம்பரசன். இராணுவச் சமையற்காரர். பதினான்கு ஆண்டுகள் வீரர்களுக்குச் சோறு போட்டார். பனிமலையில் காவல் நின்றவர்களுக்கு உணவு கொண்டுசெல்லும் வழியில் உயிர் நீத்தார்.'

'யாரையும் சுடவில்லை' என்றும் ஒரு வரி சேர்த்தேன். அப்புறம் எடுத்துவிட்டேன். அது சின்னையன் மாமாவுக்கு நான் சொல்லும் பதில். கல்லு என் வீட்டுக்காரரோடது.

ஜூலை 23

பிரிண்டை மாமா கையிலேயே கொடுத்தேன். "நல்லா ஒருதரம் படிச்சுப் பாருங்க மாமா" என்று சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன், நஜியா சாட்சி. கண்ணாடியை மாட்டினார். தன் பேரைப் படித்தார், பட்டத்தைப் படித்தார், தனக்குப் பிடிக்காத ஆளின் பேர் தனக்குக் கீழே இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்த்தார்.

'சரி. சின்னையன்' என்று கையெழுத்து.

ஜெராக்ஸ் ஒன்று எடுத்து ஃபைலில் வைத்தேன்.

ஆகஸ்ட் 2

கல் செதுக்க ஆரம்பித்துவிட்டார்களாம். போன் போட்டுச் சொல்லிவிடலாமா? — மாட்டேன்.

ஆகஸ்ட் 15

காலையில் கயல் பள்ளிக்கூடத்தில் மிஸ் எழுதிக் கொடுத்ததையே பேசினாள். ஏழு பேர். கைதட்டல். நான் தட்டவில்லை.

பத்தரைக்குத் திறப்பு. தலைவர் பன்னிரண்டரைக்கு வந்தார். அதுவரைக்கும் வெயிலில் நின்றோம். "கொஞ்சம் ஓரமா நில்லும்மா, விளக்கு ஏத்தணும்" என்று ஒரு அம்மா என்னைத் தள்ளிவிட்டாள். தாலியில்லாதவள் கண்ணெதிரே விளக்கு ஏற்றக்கூடாதாம். அஞ்சு நிமிஷம் கழித்து அதே அம்மா மைக்கில் என்னை 'வீரமங்கை' என்றாள். தூ!

துணியை விலக்கினார்கள். எல்லாரும் கல்லைப் பார்த்து முட்டி மோதினார்கள். குனிந்து, கீழே இருந்த தங்கள் பேரைத் தொட்டுத் தொட்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். தலைவர் போனைப் பார்த்தார். பதினெட்டாவது பொன்னாடை.

கயல் மட்டும் மேலேயிருந்து படித்தாள். உதடு அசைந்தது, முழுசாகப் படித்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 28

பதிமூணு நாள் ஆச்சு, மாமா கண்ணுக்குப் பட! அதுவும் தானாகப் படிக்கவில்லை. மங்கலம்பேட்டை ஆள் ஒருத்தர், லீவில் வந்த ராணுவக்காரர், கல்லைப் பார்த்துவிட்டு டீக்கடையில் விசாரித்தாராம்.

கடைக்குள் வந்து கத்தினார். "ஊர் மானமே போச்சு! சமையக்காரனுக்கா தூண் வெச்சோம்?"

ஃபைலை எடுத்துக் கையெழுத்தைக் காட்டினேன். பார்த்தார். மூச்சு வாங்கியது. அப்புறம்தான் எடுத்தார் நிஜமான கத்தியை:

"பார்டர்ல துப்பாக்கி புடிக்கிறாருன்னு எங்கிட்ட சொன்னது யாரு? நீதானே?"

கடையில் அஞ்சாறு பேர் நின்றிருந்தார்கள். நஜியா கையில் பேப்பரோடு அப்படியே நின்றாள்.

"ஆமா மாமா. நான்தான் சொன்னேன். பொய் சொன்னேன். அவரு சமையல்காரருன்னு சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு. இப்ப அந்த வெக்கத்த நெனச்சாதான் வெக்கமா இருக்கு."

இவ்வளவு பேர் முன்னால் சொல்லுவேன் என்று நானே நினைக்கவில்லை.

"கல்ல ஒடச்சிட்டு வேற வெக்கிறேன் பாரு!"

"ஒடைங்க மாமா. ஒரே கல்லு. ஒங்க பேரு, அந்த இருபத்திரண்டு பேரு, தலைவர் பேரு, எல்லாத்தையும் சேர்த்துதான் ஒடைக்கணும்."

ஃபைலை மேஜை மேல் எறிந்துவிட்டுப் போனார்.

ஒடைக்க மாட்டாங்க. தலைவர் பேரை எவன் ஒடைப்பான்?

செப்டம்பர் 7

ஞாயிறு. கடை லீவு. கயல் தானாகவே டிரங்குப் பெட்டியைத் திறந்து நோட்டை எடுத்து வந்தாள். "அப்பா சாம்பார் வெக்கலாம்மா."

நூறு ஆளுக்கான அளவு. நாலு ஆளுக்கு அவளே கணக்குப் போட்டுக் குறைத்தாள். எங்கள் ரெண்டு பேருக்கு எதுக்குடி நாலு ஆளுக்கு என்றேன். கூடப் படிக்கிற ரெண்டு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாளாம். "எங்க அப்பா மிலிட்டரில சமையல் பண்ணாருல்ல, அந்த சாம்பார்னு சொல்லிட்டேன்."

அடுப்பில் குக்கர் ஏறியதும் பக்கத்திலேயே நின்று விசில் எண்ண ஆரம்பித்தாள். நாலாவதில் நான் அடுப்பை அணைக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பன்னெண்டும்மா!"

"அது மலையிலடி. நம்ம ஊர்ல நாலுலயே வெந்துரும்."