சலவைக் கடைக்கு வந்த இரண்டு திரைகள்

மார்ச் 3

இன்று கடையில் இருந்தவர்கள்: மகன், மருமகள், பேத்தி, பேத்தி புருஷன், நான். இஸ்திரிக்காரர் உள்ளே இருந்தார். காது மட்டும் இங்கே.

பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டது. துணி வாங்கி டோக்கன் அடிக்கிற புரோகிராமும் கூடவே போயிற்று. புதிதாக எழுத வெளியே ஆள் தேட வேண்டாம், வீட்டிலேயே இரண்டு பேர். அதுதான் வம்பு. பேத்தி, பிரவுசரில் செய்யலாம் என்கிறாள். அவள் புருஷன், கம்ப்யூட்டரிலேயே ஏற்றிய தனி ஜன்னல்தான் சரி என்கிறான்.

"பிரவுசர் வாடகை வீடு பாட்டி. ஆணி அடிக்கக்கூட ஓனரைக் கேக்கணும்," என்றான் அவன்.

"இவர் சொந்த வீட்டை ஒவ்வொரு கடையிலயும் போய் மறுபடி கட்டணும்," என்றாள் பேத்தி. பாலத்துக்கு அந்தப் பக்கம் மகன் இன்னொரு கடை போடுகிறானே, அதைச் சொல்கிறாள்.

மகன் தீர்ப்புச் சொன்னான். "ரெண்டு பேரும் செய்ங்க. அம்மாவுக்கு எது வருதுன்னு பாப்போம். ரெண்டும் வரலைன்னா கவுண்டர்ல வேற ஆளைப் போட்டுக்கலாம்."

வேற ஆளாம். என் முகத்துக்கு நேரே.

மார்ச் 19

பேத்தியுடையது வந்தது. எழுத்தெல்லாம் பெரிசு பெரிசாக, கண்ணுக்கு இதம். ஒருத்தர் கம்பளி மூட்டை கொண்டுவந்தார். அத்தனையும் ஏற்றிவிட்டேன், பெயரில் மட்டும் ஓர் எழுத்துப் பிழை. மேலே பின்பக்கம் பார்த்த அம்பு ஒன்று இருந்தது. திருத்தலாம் என்று அமுக்கினேன். திரையில் மூட்டையே காணோம்.

"உங்களுக்கும் ஓய்வு வேணாமா அத்தை?" என்றாள் மருமகள், தேன் தடவி. கல்யாணத்தன்று என் செருப்பைப் பார்த்துச் சிரித்தவள். நான் மறந்துவிட்டேன் என்று நினைப்பு.

அந்த அம்பைப் பிடுங்கிப் போடு என்றேன் பேத்தியிடம்.

"அது என்னோடது இல்ல பாட்டி. பிரவுசரோடது."

மார்ச் 22

இன்று அவன் செய்தது. தட்டினால் டோக்கன் வந்து விழுகிறது, விரலை எடுக்கக்கூட நேரமில்லை. ஆனால் எழுத்து எறும்பு. பெரிசாக்கச் சொன்னேன், ஆக்கினான். 'சேமி' பொத்தான் ஜன்னலை விட்டே வெளியே போய்விட்டது.

பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் சாப்பிடாமல் போய்விட்டான்.

மார்ச் 24

புருஷனும் பெண்டாட்டியும் பேச்சில்லை. "பாட்டி, அவர்கிட்ட சொல்லுங்க." "பாட்டி, அவகிட்ட கேளுங்க." நான் என்ன தபால் பெட்டியா? கத்திவிட்டேன். இங்கே என் நாற்காலி போகுது, உங்களுக்கு ரோஷம் கேக்குதா?

அவன் அவளிடம் மெல்ல, "நீ செஞ்ச பக்கத்தை என் ஜன்னலுக்குள்ள வெச்சா அம்பே இருக்காது," என்றான்.

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீ பேச விட்டாத்தானே."

சிரித்துத் தொலைத்தார்கள்.

ஏப்ரல் 2

அம்பு இல்லை. எறும்பும் இல்லை. மூட்டை மூட்டையாக ஏற்றினேன்.

மே 6

பாலத்துக்கு அந்தப் பக்கக் கடையில் மகனே உட்காருகிறான். அங்கே அடிக்கிற டோக்கன் இங்கே என் திரையிலும் தெரியும். வெயில் ஏறியும் இன்று ஒன்றும் வரவில்லை. போன் போட்டேன்.

"இன்னும் கதவு திறக்கலையாடா?"

"இப்பத்தாம்மா... யாரு சொன்னா?"

"உக்காந்த இடத்துலேருந்தே தெரியுது. சட்டுனு திற."

பேத்தி மேல் கோபமில்லை. அவள் புருஷன் தங்கம். மருமகளைக்கூட மன்னித்தாயிற்று. மன்னிக்க மாட்டேன் என்று வைத்திருப்பது ஒருத்தனைத்தான்: 'வேற ஆள்' என்று சொன்ன என் மகன்.