ஏழாம் எண்ணைச் சொல்பவன்

1. இம்மடலை எழுதும் நான் தே. ரங்கநாதன். திருவள்ளூர்த் தேரடிக்கு அருகில் குடியிருப்பவன்; தொழிலால் வழக்கறிஞன்; திருவள்ளூர் மிதிவண்டிக் குழுவின் செயலராகப் பதினோரு ஆண்டுகள் இருந்தவன்.

2. இது உங்களுக்கு எழுதப்படுகிறது. நீங்கள் காலமாகி நாற்பத்தொரு நாள் ஆகிறது. பெற்றுக்கொள்ள ஆள் இல்லாத மடல் செல்லுமா என்ற ஆட்சேபணையை நான் அறிவேன். அதை இங்கே எழுப்பவில்லை.

3. நானே கண்டதையும் செய்ததையும் மட்டுமே எழுதுகிறேன். பிறர் சொல்லக் கேட்டதை, கேட்டது என்றே குறிக்கிறேன்.

அன்புள்ள நண்பருக்கு,

சென்ற ஞாயிறன்று எல்லப்பனும் தேவசகாயமும் கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயில் மாறி வந்தார்கள். உங்களோடு ஒரே இரும்பாலையில், ஒரே ஷிப்டில் நின்ற அந்த இருவரும் பச்சைச் சாயம் பூசிய ஒரு கருவிப்பெட்டியை என் மேசையின் மேல் வைத்தார்கள். உங்கள் மனைவி கொடுத்தனுப்பியதாம். "கிளையோட பொட்டி சார். அவரு சாமானோட கலந்துடக் கூடாதுன்னு அக்கா சொல்லிச்சி" என்றார் எல்லப்பன். மூடியைத் திறந்தேன். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனின் வாடை எழுந்தது. டியூப் அமுங்கிக் காய்ந்திருந்தது. வாடை மட்டும் காயவில்லை. மேல்தட்டில் ஸ்பேனர்கள், உப்புத்தாள், வால்வு ரப்பர். தட்டின் அடியில் இருந்த ஒன்றைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் சொல்ல வேண்டியவை சில உண்டு.

அறுபதுகளின் நடுவில் நீங்கள் முதன்முதலாக எங்கள் குழுவுக்கு வந்தது நினைவிருக்கிறது. திருவாலங்காட்டுப் பக்கம் பிறர் வயலில் அறுவடை செய்த குடும்பம் உங்களுடையது. நீங்கள் செவ்வாப்பேட்டையில் ஒரு பட்டறையில் பிட்டராக இருந்தீர்கள். சேர்க்கைப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தீர்கள்.

"சைக்கிள் வுடறதுக்கு ஒரு சங்கமா சார்? நாங்கல்லாம் சங்கம் இல்லாமலே வுட்டுக்கினுதான கீறோம்."

தில்லியிலுள்ள மிதிவண்டித் தலைமை மன்றம், எங்கள் குழுவைப் போன்ற கிளைகளுக்கு என்னென்ன செய்கிறது என்று அன்று உங்களுக்கு விளக்கினேன். மாதிரி விதிகளும் வழி அட்டைகளும் அனுப்பும். கிளைக்கு ஒரு கருவிப்பெட்டி தரும். கூட்டமாக ஓட்டும் முறையைக் கற்பிக்க ஆள் அனுப்பும். சாலையில் குறை இருந்தால், கிளையின் சார்பில் அதிகாரிகளுக்குத் தன் முத்திரைத்தாளில் கடிதம் எழுதும். மற்றவற்றையெல்லாம் தலையாட்டிக் கேட்ட நீங்கள், இந்தக் கடைசியில் மட்டும் நிமிர்ந்தீர்கள். "லெட்டர் போட்டா கேப்பாங்களா?" என்றீர்கள். பல நேரம் கேட்பார்கள் என்றேன்.

மன்றத்தின் கைநூலில் உங்களுக்குப் பிடித்திருந்தது ஒரே ஒரு வழக்கம், எண் சொல்லுதல். ஒவ்வொருவருக்கும் உறுப்பினர் எண். ஒவ்வொரு கூட்டுச்சாலையிலும் நின்று, முன்னாலிருப்பவர் தொடங்கி ஒவ்வொருவராக உரக்கச் சொல்ல வேண்டும். ஒரு எண் வரவில்லையென்றால் யாரும் நகரக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் திருவாலங்காடு வரை போய்வரும்போது நீங்கள் முன்னால். கருவிப்பெட்டியோடு நான் பின்னால். என் குரல் வரத் தாமதமானால் முன்னாலிருந்து கேட்கும்: "வக்கீல் சார் வர்றாரா, இல்ல ஸ்டே வாங்கிக்கினு நின்னுட்டாரா?" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கும்மிடிப்பூண்டியில் ஆலைகள் வந்தன. நீங்கள் அங்கே வேலைக்குப் போனீர்கள். அங்கே குடியேறிய முதல் தை மாதத்தில் பத்துப் பெயர்கள் கொண்ட ஒரு படிவத்தோடு வந்தீர்கள். கும்மிடிப்பூண்டியில் ஒரு கிளை. ஏன் என்று கேட்டேன். ஷிப்டுக்குப் போகும் வழியில், பெருஞ்சாலையில் ஒரு சிறுபாலம் இருப்பதாகச் சொன்னீர்கள். பாலம் குறுகல், இருபுறமும் கைப்பிடிச் சுவர், லாரி வந்தால் சைக்கிள்காரன் ஒதுங்க இடமில்லை.

"காலைல ஆறு மணி ஷிப்டுக்கு எரநூறு சைக்கிளு போவுது சார். செவுத்தோட ஒட்டிக்கினு நிக்கிறோம், பல்லி மாதிரி. பக்கத்துல ஒரு நடபாலம் போட்டாப் போதும். தில்லிலேர்ந்து ஒரு லெட்டர், அவ்ளோதான்."

கிளையாக ஏற்கப்படாத குழுவுக்கு மன்றம் கடிதம் எழுதாது. ஏற்பதற்குப் பத்து உறுப்பினர்களும், அருகிலுள்ள கிளைச் செயலரின் பரிந்துரையும் வேண்டும். அதாவது என் கையெழுத்து.

நான் படிவத்தைப் படித்தேன். நான்கு பெயர்களுக்கு முகவரியில் கதவெண் இல்லை. ஏழாம் எண்ணில், "மாணிக்கம், வேப்பமரத்துக்கு எதிரில்" என்று இருந்தது. திருப்பித் தந்தேன்.

"ஊட்டுக்கு நம்பரு இல்ல சார்" என்றீர்கள். "நம்பரு எழுத மொதல்ல கதவு வேணும்ல?"

சித்திரையில் இரண்டாம் முறை வந்தீர்கள். குடியிருப்பின் சொந்தக்காரரிடம் சண்டையிட்டு, சுவரில் சுண்ணாம்பால் எண் எழுதி, அதைப் படிவத்தில் ஏற்றியிருந்தீர்கள். சாட்சிகளாக எல்லப்பனும் தேவசகாயமும் கையெழுத்திட்டிருந்தார்கள். அவர்களே உறுப்பினர்களும் ஆவதால் தம் பயன் கருதும் சாட்சிகள் என்று சொல்லித் திருப்பினேன்.

ஆடியில் மூன்றாம் முறை. வேறு சாட்சிகள். ஆனால் இருவர் கைநாட்டு வைத்திருந்தனர். அது யாருடைய விரல் என்று சான்றளிக்கப்படவில்லை. மறுவாரம் ஞாயிறன்று நீங்கள் பெரியபாளையம் வழியாக அவ்வளவு தொலைவும் சைக்கிளிலேயே வந்தீர்கள், மாணிக்கத்தையும் அழைத்துக்கொண்டு. மாணிக்கத்தை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். ஒல்லியான மனிதர், கேரியரில் தூக்குச்சட்டி, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வாசலில் நின்றபடியே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"இதான் சார் அந்த வெரலு. நல்லாப் பாத்துக்குங்க. இதுக்கு அண்ணன் தம்பி யாரும் கெடையாது."

என் மனைவி உள்ளிருந்து சிரித்துக்கொண்டே மோர் கொண்டுவந்தாள். நான் சிரிக்கவில்லை. இன்னொரு கைநாட்டுக்காரர் வரவில்லையே என்றேன். அவருக்கு அன்று ஓவர்டைம் என்றீர்கள். இருவரும் ஒருசேர என் முன்னிலையில் வைத்தால்தான் படிவம் குறையற்றதாகும் என்றேன். நீங்கள் மோரைக் குடித்து முடித்தீர்கள். மாணிக்கம் உங்களைப் பார்த்தார். "வாண்ணே, வெயிலுக்கு முன்ன போயிடலாம்" என்றார். வெயில் அப்போதே ஏறிவிட்டிருந்தது.

ஐப்பசி மழையில், காலை ஷிப்டுக்குப் போகும் வழியில், அந்தச் சிறுபாலத்தில் லாரி உரசி மாணிக்கம் இறந்தார். இது நான் கண்டதன்று. நீங்கள் சொல்லக் கேட்டது.

கார்த்திகையில் நான்காம் படிவத்தோடு வந்தீர்கள். நீங்கள் உட்காரவில்லை. படிவத்தில் ஒன்று முதல் ஆறு வரை பெயர்கள். எட்டு முதல் பத்து வரை பெயர்கள். ஏழாம் வரி வெறுமையாக இருந்தது.

"கீழ இருக்கறவங்கள மேல இழுத்து எழுத மனசு வரல சார்."

ஒன்பது பேர்தானே இருக்கிறார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. நீங்களே சொன்னீர்கள்: "பத்து வேணும்னு சொன்னது நீங்கதான். இப்ப இன்னா பண்றதுன்னும் நீங்களே சொல்லுங்க."

பேனாவை எடுத்து ஏழாம் வரியில் என் பெயரை எழுதினேன். பரிந்துரைப்பவர் உறுப்பினராக இருக்கக் கூடாது என்பது விதி. அறிந்தே எழுதினேன். கீழே பரிந்துரையிலும் கையெழுத்திட்டேன். நீங்கள் மையை ஊதிக் காயவைத்தீர்கள்.

பதினோராம் நாள் தில்லியிலிருந்து ஏற்பு வந்தது. நெடுஞ்சாலை அதிகாரிக்கு எழுதிய கடிதத்தின் நகலும் அதனுடன் இருந்தது. மன்றத்தின் செயலர் அடியில் கைப்பட ஒரு வரி எழுதியிருந்தார்: ஏழாம் கையெழுத்தும் பரிந்துரைக் கையெழுத்தும் ஒன்றாக இருப்பதைக் கண்டேன், கேள்வி எழுப்பவில்லை. புதிய கிளையின் கருவிப்பெட்டி நேராக உங்கள் முகவரிக்குப் போயிற்று. பங்குனியில் சிறுபாலத்தை ஒட்டி நடைபாலம் முடிந்தது.

இனி, நான் இதுவரை எவரிடமும் சொல்லாத ஒன்று.

முதல் படிவத்தைத் திருப்பியதும் நான் தில்லிக்கு எழுதிக் கேட்டேன். பங்குனியிலேயே, அதாவது நீங்கள் இரண்டாம் முறை வருவதற்கு முன்பே, பதில் வந்துவிட்டது. வீட்டுக்கு எண் இல்லையென்றால் அருகிலுள்ள மரத்தையோ கிணற்றையோ குறித்தால் போதும். சாட்சி, கைநாட்டு முதலிய ஐயங்களுக்குப் பரிந்துரைப்பவர் நேரில் அறிந்ததே போதுமான சான்று. கிளைகள் தொடங்கத் துணைசெய்வதே மன்றத்தின் வேலை, தடுப்பதன்று. செயலரின் கடிதம் விதியைத் திருத்தாது, அதற்குச் செயற்குழுத் தீர்மானம் வேண்டும் என்று எனக்கு நானே வாதிட்டு, அதைக் கோப்பில் வைத்தேன். உங்களிடம் காட்டவில்லை.

எச்சரிக்கையே காரணம் என்று பல ஆண்டுகள் நம்பினேன். இந்த வாரம் எங்கள் திருவள்ளூர்க் குழு தொடங்கியபோது அனுப்பிய பழைய படிவத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் மூன்று பேருக்கு "சந்நிதித் தெரு" என்று மட்டுமே இருக்கிறது. கதவெண் இல்லை. அந்த மூவரில் ஒருவர் என் பெரியப்பா மகன். சாட்சிகள் இருவரும் உறுப்பினர்கள். அந்தப் படிவத்தைச் சரிபார்த்து அனுப்பியவனும் நானே. இதற்குமேல் இதைப் பற்றி என்னிடம் வாதம் இல்லை.

ஏற்பு வந்ததிலிருந்து நடைபாலம் முடிய நான்கு மாதம் ஆயிற்று. தையில் தொடங்கியிருந்தால் வைகாசி. மாணிக்கம் இறந்தது வைகாசிக்கு ஐந்து மாதம் கழித்து. அப்போதும் அதே நான்கு மாதத்தில் முடிந்திருக்கும் என்று மெய்ப்பிக்க முடியாது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைத்தான் சொல்வார். நான் எதிர்த்தரப்பில் நிற்கவில்லை.

நடைபாலத்தின் மேல் கிளை முதன்முறை போன அன்று என்னையும் வரச் சொன்னீர்கள். பாலம் தாண்டியதும் எல்லோரும் காலூன்றி நின்றோம். "ஒண்ணு" என்று தொடங்கினீர்கள். ஆறு வரை வந்தது. பிறகு அமைதி. யாரும் நகரவில்லை. நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். நான் சொன்னேன்.

"சத்தமாச் சொல்லுங்க சார். பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கல."

"ஏழு" என்றேன் மீண்டும். தேவசகாயம் தலையைத் தாழ்த்திக்கொண்டு சங்கிலியைச் சரிசெய்வதுபோல் இருந்தார். அவருடைய சங்கிலிக்கு ஒன்றும் ஆகவில்லை.

இந்த ஆண்டு மஞ்சள் காமாலையில் நீங்கள் மருத்துவமனையில் கிடந்தபோது ஒரு மாலை வந்தேன். தில்லியிலிருந்து வந்த அந்தப் பதில் கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. சொல்லிவிட வேண்டும் என்றே வந்தேன். "இன்னா சார், பெல்லு அடிக்காம வந்துட்டீங்க" என்றீர்கள். கண்கள் மஞ்சளாக இருந்தன. சிரிப்பு பழைய சிரிப்பு. பிறகு என் பையைப் பார்த்தீர்கள்.

"அதுல இன்னா பேப்பரு? இன்னும் எதனா கையெழுத்து பாக்கியா?"

"ஒன்றுமில்லை" என்றேன்.

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி சார், ஒக்காருங்க" என்றீர்கள். உட்கார்ந்தேன். மழை வருமா என்று பேசினோம்.

இப்போது பெட்டியின் அடித்தட்டு. அங்கே எண்ணெய்க்கறை படிந்த உறை ஒன்று இருந்தது. அதற்குள் தில்லிச் செயலர் எனக்கு எழுதிய அதே கடிதம், கார்பன் நகலாக. புதிய கிளைக்கு அதன் கோப்பின் நகல் முழுவதையும் பெட்டியோடு அனுப்புவது மன்றத்தின் வழக்கம் என்பதைப் பதினோரு ஆண்டு செயலராக இருந்த நான் மறந்திருந்தேன்.

எல்லப்பன்தான் வாய்திறந்தார். "பொட்டி வந்த அன்னிக்கே படிச்சிக் காட்டினேன் சார். எனக்கு ரத்தம் கொதிச்சிச்சி. திருவள்ளூரு போய்க் கேட்டுட்டு வரேன்னேன். அவருதான், 'வுடு, அந்த மனுசன் தன் பேர ஏழுல எழுதிட்டாரு. மீதிய அவரே ஒருநாள் சொல்லுவாரு'ன்னாரு."

ஆக, நடைபாலத்தின் மேல் நின்று என்னைச் சத்தமாகச் சொல்லச் சொன்னபோது உங்களுக்குத் தெரியும். அதன் பின் எத்தனையோ ஞாயிறுகள் முன்னால் ஓட்டியபோதும் தெரியும். மருத்துவமனைக் கட்டிலில், என் பையில் இருப்பது என்ன என்று தெரிந்தே கேட்டீர்கள். நான் ஒன்றுமில்லை என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன சாட்சியங்களிலெல்லாம் அது ஒன்றே பொய்.

பெட்டியைக் கிளைக்கே திருப்பி அனுப்புகிறேன். சொல்யூஷன் டியூப் புதிதாக வாங்கி வைத்திருக்கிறேன். நகல் இருந்த இடத்திலேயே இருக்கும்; என்னிடமிருந்த மூலத்தையும் அதனுடன் சேர்த்திருக்கிறேன். வரும் ஞாயிறு கிளை புறப்படுகிறது. ஒன்று என்று சொல்ல இனி நீங்கள் இல்லை. அந்த எண்ணை யாருக்கும் தருவதில்லை என்றும், அதற்குரிய நேரம் மட்டும் நின்றுவிட்டு இரண்டிலிருந்து தொடங்குவது என்றும் அவர்கள் முடிவுசெய்திருக்கிறார்கள். என் முறை வரும்போது பின்னாலிருப்பவர்களுக்குக் கேட்கும்படி சொல்வேன்.

மேலே உள்ளதை முழுவதும், பெட்டியை எடுத்துப்போக இன்று வந்த சாட்சிகளுக்குப் படித்துக் காட்டினேன். தேவசகாயம் பேனாவைக் கேட்டு வாங்கினார். "நாங்க கிளை ஆளுங்களாச்சே சார், எங்க கையெழுத்து செல்லுமா?" என்றார். செல்லும் என்றேன்.

ஒப்பம்:
தே. ரங்கநாதன்
உறுப்பினர் எண் ஏழு, கும்மிடிப்பூண்டிக் கிளை

சாட்சிகள்:
1. எல்லப்பன், உறுப்பினர் எண் இரண்டு, வேப்பமரத்துக்கு அடுத்த வீடு
2. தேவசகாயம், உறுப்பினர் எண் ஐந்து, கிணற்றுக்கு எதிர் வீடு