அறுபத்திரண்டாம் பக்கம் வரை

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அம்மாவுக்கு இருமல் விட்டுவிட்டது, எனக்கு வலது முட்டி மட்டும் மாடிப்படியைக் கண்டால் மக்கர் பண்ணுகிறது, மற்றபடி இருவரும் சௌக்கியமே, அங்கே நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி மேலே போகிறேன். உன் கடிதம் வந்து இருபத்து மூன்று நாளாகிறது. 'என் புத்தகத்தை முழுசாப் படிச்சீங்களாப்பா, நெஜமாச் சொல்லுங்க' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தாய். அதற்குப் பதில் எழுதாமல் குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன், பரணில் கிடந்த பழைய மின்விசிறியை இறக்கித் துடைத்துத் திரும்பவும் பரணிலேயே ஏற்றினேன், அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது பதில் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் நூலகத்தில் நடக்கிற கூத்தைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

ஓய்வு பெற்ற பிறகும் வாரத்தில் மூன்று நாள் நூலகத்துப் பின்னறையில் உட்கார்ந்து கிழிந்த புத்தகங்களுக்குப் பசை போட்டுக்கொண்டிருக்கிறேன், அது உனக்குத் தெரியும். புதிதாக வந்திருக்கிற நூலகர் அம்மாள், சின்ன வயசு, நல்ல சுறுசுறுப்பு, வாசல் பக்கம் 'வாசகர் பரிந்துரை' என்று ஒரு அலமாரி வைத்திருக்கிறார். கதை, கவிதை கூடாதாம், அறிவை வளர்க்கிற புத்தகம் மட்டும்தானாம், வானம், சிறுநீரகம், தேனீ, யுத்தம் எதுவானாலும் சரி, படித்தவர் ஒரு சீட்டில் நாலு வரி எழுதிக் கொடுத்தால் கிளிப் போட்டு அட்டையில் மாட்டி வைப்பார்கள். அவ்வளவுதான், ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் அறிவு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. நம் பல் டாக்டர் கடலைப் பற்றிய ஒரு தடிமனான புத்தகத்துக்கு 'கடலைப் போலவே ஆழமான நூல்' என்று எழுதியிருக்கிறார், மனிதர் அதில் பதினோராம் பக்கம் வரைதான் கால் நனைத்திருக்கிறார். உடற்பயிற்சிக் கூடம் வைத்திருக்கிற தடியன் தூக்கத்தைப் பற்றிய புத்தகத்துக்கு 'என் கண்ணைத் திறந்தது' என்று எழுதினான், ஒன்பதாம் பக்கத்திலேயே கண்ணை மூடிவிட்டான். பெற்றோர் சங்கத் தலைவி ஒருத்தி இருக்கிறாள், குழந்தைகளைக் கத்தாமல் வளர்ப்பது எப்படி என்கிற புத்தகத்தைப் பரிந்துரை செய்தாள், அந்தச் சீட்டை எழுதும்போது கவுண்ட்டரில் நின்று தன் பெண்ணைப் பார்த்து அவள் போட்ட சத்தத்தில் என் கையில் இருந்த பசைப் பிரஷ் கீழே விழுந்தது. எல்லாரையும் விட மோசம் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வாரத்துக்கு ஒரு யுத்த வரலாறு, எழுநூறு பக்கத்துக்குக் குறைந்து எடுக்க மாட்டார், 'வரிக்கு வரி சிலிர்த்தேன்' என்று எழுதுவார். அவர் சிலிர்த்த ஒரு புத்தகத்தில் முப்பத்து மூன்றாம் பக்கத் தாளும் அடுத்த தாளும் என் பசை வழிந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன, அவர் திருப்பிக் கொடுத்தபோதும் ஒட்டியபடியேதான் இருந்தன.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். நாற்பது வருஷமாகப் புத்தகத்தை முன்பக்கமாகப் பார்த்ததை விடப் பக்கவாட்டில் பார்த்ததுதான் எனக்கு அதிகம். புதுப் புத்தகத்தை மூடி, முதுகுக்கு எதிர்ப்பக்கத்து ஓரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் விரல் அழுக்கு பட்ட தாள்கள் மட்டும் லேசாகக் கறுத்துத் தெரியும். கறுப்பு எங்கே முடிந்து வெள்ளை தொடங்குகிறதோ அங்கே வாசகர் கையைக் கழுவிவிட்டார் என்று அர்த்தம். நான் என்ன செய்தேன், ஒவ்வொரு சீட்டின் பின்னாலும் பென்சிலால் அந்தப் பக்க எண்ணைப் போட்டுவைத்தேன். 11, 9, 33 என்று. ஒருநாள் நூலகர் அம்மாள் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, 'என்ன சார் இது, பாவம், எழுதிக் குடுக்கறதே பெரிய விஷயம், நீங்க வேற' என்றார். பெரிய விஷயமாம். படிக்காத புத்தகத்தைப் படித்தேன் என்று சொல்கிறவன் திருடனை விடக் கேவலம், திருடனாவது புத்தகத்தை வேண்டும் என்று எடுத்துப் போகிறான் என்று சொன்னேன். அந்த அம்மாள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

உன் புத்தகமும் அந்த அலமாரியில்தான் இருக்கிறது. திக்குவாயோடு வளர்ந்த பெண் அதைப் பற்றித் தானே எழுதியது என்று நூலகர் அம்மாளே வாங்கிப்போட்டார், நீ என் பெண் என்று அவருக்குப் பிறகுதான் தெரியும். உன் அத்தை பத்துப் பிரதி வாங்கி, பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் கண்ணாடி அலமாரியில் அடுக்கி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் 'கட்டாயம் படிக்கணும்' என்று அளந்துகொண்டிருக்கிறாள், அவளை விடு. நூலகப் பிரதியில் எட்டுச் சீட்டு தொங்குகிறது. எங்கேயாவது வெள்ளை தெரியுமா என்று நானும் ஜன்னலோரம் வைத்து வைத்துப் பார்த்தேன், கடைசித் தாள் வரை கறுத்துப்போயிருக்கிறது. ஒன்பதாவது சீட்டு நான் எழுதியது. 'மிக அருமையான நூல், அனைவரும் அவசியம் படிக்க வேண்டும்.' போன மாதம் போனில் நீ கேட்க ஆரம்பித்தபோது, கேள்வியை முடிக்க விடாமலே 'படிச்சேன்மா, ரொம்ப நல்லாருக்கு' என்று சொன்னேனே, அதே லட்சணத்தில்தான் சீட்டையும் எழுதினேன்.

உன் கடிதத்தைப் படித்த அன்றைக்கு அம்மா, நீ கையெழுத்துப் போட்டு அனுப்பிய பிரதியைப் பீரோவிலிருந்து எடுத்து, நான் செய்கிற மாதிரியே ஜன்னல் பக்கம் போய்ப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தாள். 'ஏங்க, ஊரார் படிச்சதுக்கெல்லாம் மார்க் போடறீங்களே, இதுக்கு எவ்வளவு போடுவீங்க' என்றாள். நான் மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் நேராக நூலகத்துக்கு வந்து, என் மேஜையில் இருந்த பென்சிலையே எடுத்து, என் சீட்டின் பின்னால் 62 என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, கைப்பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். நூலகர் அம்மாள் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால்கூடத் தேவலை. பல் டாக்டரையும் தடியனையும் நான் எந்த வரிசையில் நிறுத்தி வைத்தேனோ அதே வரிசையில், அவர்களுக்கும் முன்னால், மானங்கெட்டு நின்றேன்.

அறுபத்திரண்டாம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எழுதிய உனக்குத் தெரியும். வீட்டில் போன் அடிக்கிறது, பத்து வயதுப் பெண் எடுக்கிறாள், ஹலோ வரவில்லை, அப்பா ரிசீவரைப் பிடுங்கி 'ஒண்ணுமில்ல, என் பொண்ணு, அவளுக்குப் பேச்சு வராது' என்று சொல்லிவிட்டு, தன் பேச்சைப் பேசுகிறார். அத்தோடு புத்தகத்தை மூடி வைத்தேன். கோபம் என்று நினைத்துக்கொண்டேன், பெற்ற அப்பனை அச்சில் ஏற்றிவிட்டாளே என்று இரண்டு நாள் அம்மாவிடம்கூடச் சரியாகப் பேசவில்லை. கோபமில்லை குட்டிம்மா, வெட்கம். அன்றைக்கு உன்னை நினைத்து வெட்கப்பட்டேன், இன்றைக்கு என்னை நினைத்து.

அம்மா வந்துபோன பிறகு மூன்று நாள் பின்னறையில் ஒரு புத்தகத்துக்கும் பசை போடாமல் உட்கார்ந்து மீதியைப் படித்தேன். தொலைபேசி கறுப்பு என்று எழுதியிருக்கிறாய், அது பச்சை, அடுத்த பதிப்பில் திருத்திக்கொள். மற்றபடி ஒரு வரி பொய்யில்லை. செருப்புக்கடையை நான் மறந்தே போயிருந்தேன். பள்ளிக்கூடத்துக்கு ஷூ வாங்கப் போனோம், கடைக்காரர் எந்தக் கலர் என்று உன்னைக் கேட்டார், நீ உதட்டைச் சேர்த்துவைத்துக்கொண்டு நின்றாய், நான் அவசரமாக 'கறுப்புதான், கறுப்பே குடுங்க' என்றேன், நீ தலையாட்டினாய். பழுப்பு கேட்க வந்தாயாம். கேட்டுக் கிடைக்காமல் போனதல்ல, கேட்கவே முடியாமல் போன ஷூ என்று எழுதியிருக்கிறாய். அப்பா என் வாக்கியங்களை முடித்துவைப்பார், பாதி நாள் அது நான் சொல்ல வந்ததாக இருக்காது, தலையாட்டுவதுதான் சுலபம் என்கிறாய். ஒரு வருஷம் உனக்குப் பிடிக்காத ஷூவைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறாய், என் பெண்ணுக்குக் கறுப்பு என்றால் உயிர் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். என்ன சொல்வது. நான் செய்தது தப்பு. தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல மாட்டேன், அவசரம், அலட்சியம், பக்கத்தில் நிற்கிறவன் என்ன நினைப்பானோ என்கிற பயம், எல்லாம் தெரிந்தேதான் செய்தேன்.

நேற்று நூலகர் அம்மாள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்தேன். நம் தெருத் தையல்காரர் வந்தார், கையில் எலும்புகளைப் பற்றிய புத்தகம். அவர் எதைச் சொன்னாலும் நூல் கோக்கிற மாதிரி இழுத்து இழுத்துச் சொல்வார், வழக்கமாக நானே முடித்து அனுப்பிவிடுவேன். நேற்று பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். தோள்பட்டை எலும்பில் ஆரம்பித்தார், சட்டை ஏன் அந்த இடத்தில் பிடிக்கிறது என்று தன் தோளையே தொட்டுக் காட்டினார், நடுநடுவே நிறுத்தி மேலே பார்த்தார், எனக்கு அத்தனை கஷ்டமாக இருந்தது வாயை மூடிக்கொண்டிருப்பது. கடைசி அத்தியாயம் வரை வந்துவிட்டார். ஒரு வரி விடாமல் படித்திருக்கிறார் கிராதகர். போன மாதமும் ஒரு சீட்டு எழுத வந்தவரை 'சரி சரி, நல்லாருக்குன்னு எழுதிக்கறேன்' என்று துரத்தியவன் நான்தான்.

ஆகவே உன் கேள்விக்குப் பதில் இது. படித்தேன் என்று சொன்னபோது படிக்கவில்லை. இப்போது முழுக்கப் படித்துவிட்டேன். அலமாரியில் இருந்த என் சீட்டைக் கிழித்துப்போட்டேன், புதிதாக எழுத இன்னும் தைரியம் வரவில்லை. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், எழுதுகிறேன் என்று கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, வேளைக்குச் சாப்பிடு. அம்மா உன்னை ஆசீர்வதிக்கிறாள், என்னை இன்னும் இல்லை. மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் பண்ணு. நீ சொல்ல வந்ததை நீயே சொல்லி முடி, எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. என் பக்கத்திலிருந்து சத்தமே வரவில்லை என்று லைன் போய்விட்டதாக நினைத்து வைத்துவிடாதே, நான் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா